ஒரு பேராசிரியரோட ப்ரொஃபைல் பக்கத்துல எதைப் பாக்கணும், எதை விடணும்

கேள்வி இதுதான்: பிஎச்டிக்கு கைடு தேடறீங்க, யுனிவர்சிட்டி சைட்ல ஒவ்வொரு பேராசிரியர் பக்கத்தையும் திறந்தா டிகிரி, பதவி, நூத்துக்கணக்குல பேப்பர், அவார்டுனு கொட்டிக் கிடக்கு, இதுல எதை வெச்சு இவர் ஆராய்ச்சி உருப்படியானதா, நல்லா சொல்லித்தருவாரா, நம்மள ஒழுங்கா கரையேத்துவாரானு கண்டுபிடிக்கறது?

சுருக்கமா சொன்னா, மொத்தக் கணக்கைப் பாக்காதீங்க, பேருங்களைப் பாருங்க. அதுவும் அவரோட பேரை இல்ல, அவர் கூட எழுதுன ஸ்டூடண்ட்ஸ் பேரை. அந்தப் பக்கம் அவரே தன்னைப் பத்தி எழுதி வெச்சது, அதனால பெருமைக்குரியது எல்லாம் மேல இருக்கும், உங்களுக்கு வேண்டியது கீழ எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கும். அதை எப்படித் தோண்டி எடுக்கறதுனு விரிவா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல டிகிரி. பக்கத்தோட தலையில இருக்கறது இதுதான், ஆனா விஷயம் கம்மியா இருக்கறதும் இதுலதான். இருபது வருஷம் முன்னாடி எந்த யுனிவர்சிட்டில பட்டம் வாங்குனார்ங்கறதை வெச்சு இன்னிக்கு அவர் லேப்ல என்ன நடக்குதுனு சொல்ல முடியாது. தீசிஸ் தலைப்பை மட்டும் விட்றாதீங்க. தீசிஸ் எதைப் பத்தி, அப்புறம் போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் தற்காலிகமா பண்ற ஆராய்ச்சி வேலை) எதுல பண்ணார், இப்ப வர்ற பேப்பர் எதுல, இந்த மூணையும் வரிசையா வெச்சுப் பாத்தா ஆள் எப்படி நகர்ந்திருக்கார்னு புரியும். தீசிஸ்ல பண்ணதையே இன்னும் இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம் மாத்தி எழுதிட்டு இருக்காரா, இல்ல அங்க கத்துக்கிட்ட ஒரு முறையை எடுத்துட்டு வேற கேள்விக்குப் போயிருக்காரா? முதல் வகை மோசம்னு சொல்லல, ஒரே விஷயத்தை முப்பது வருஷம் தோண்டுனவங்க கிட்ட இருக்கற ஆழம் வேற எங்கயும் கிடைக்காது, ஆனா அங்க சேர்ந்தா உங்க தலைப்பு அவரோட தலைப்புல ஒரு துண்டாத்தான் இருக்கும், அது தெரிஞ்சு போங்க.

பிஎச்டி இல்லாத பேராசிரியரைப் பாத்தா உடனே முகம் சுளிக்க வேண்டாம். பிஎச்டி கட்டாயம்ங்கறதே ரொம்பப் பழைய பழக்கம் இல்ல, அமெரிக்காவுல முதல் பிஎச்டி யேல்ல 1861-ல குடுத்தாங்க, ஆக்ஸ்போர்டு 1917-லதான் ஆரம்பிச்சுது. ஃப்ரீமன் டைசன்னு ஒரு இயற்பியலாளர் கடைசி வரைக்கும் பிஎச்டி வாங்காமலே கார்னெல்ல பேராசிரியரா இருந்தார், அப்புறம் பிரின்ஸ்டன் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். இன்னிக்கு அப்படி ஒருத்தர் உள்ள வர்றது ரொம்பக் கஷ்டம், ஆனா இசை, கட்டடக்கலை, சட்டம் மாதிரி துறைகள்ல வேலை அனுபவத்தை வெச்சே வந்தவங்க இப்பவும் இருக்காங்க.

பதவிப் பேரு இன்னும் குழப்பம். அமெரிக்க முறையில அசிஸ்டண்ட், அசோசியேட், அப்புறம் ஃபுல் ப்ரொஃபசர். பழைய பிரிட்டிஷ் முறையில லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர், அதுக்கு மேல ப்ரொஃபசர். அதனால பிரிட்டன்ல ஒருத்தர் லெக்சரர்னா நிரந்தர வேலையில ஆராய்ச்சி பண்றவரா இருக்கலாம், அமெரிக்காவுல அதே பேர்ல இருக்கறவர் பெரும்பாலும் பாடம் நடத்த மட்டும் கான்ட்ராக்ட்ல இருக்கறவர். அட்ஜங்க்ட்னா வழக்கமா பார்ட் டைம், எமெரிட்டஸ்னா ரிடையர் ஆனவர், இவங்க ரெண்டு பேரும் புது ஸ்டூடண்ட் எடுக்க முடியுமாங்கறதை முன்னாடியே கேட்டுடுங்க, நிறைய இடத்துல முடியாது. மத்தபடி பதவியை வெச்சு ஆளை எடை போடாதீங்க. டோனா ஸ்ட்ரிக்லேண்ட் 2018-ல இயற்பியல் நோபல் வாங்குனப்ப வாட்டர்லூ யுனிவர்சிட்டில அசோசியேட் ப்ரொஃபசர்தான், ஏன் ஃபுல் ப்ரொஃபசர் ஆகலைனு கேட்டதுக்கு நான் அப்ளை பண்ணவே இல்லைனு சொன்னாங்க. கடலின் கரிக்கோ கதை அதை விட மோசம், ஆராய்ச்சிக்கான நிதி, அதாவது கிராண்ட் வரலைனு 1995-ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில அவங்களைப் பதவி இறக்குனாங்க, அவங்க விடாம பண்ண எம்ஆர்என்ஏ வேலைக்குத்தான் 2023-ல நோபல் வந்துச்சு.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், பேப்பர் லிஸ்ட். பெரும்பாலானவங்க இங்க வந்து எண்ணிக்கையைப் பாத்து அசந்துபோய் மூடிடுவாங்க. எண்ணாதீங்க. கடைசி அஞ்சு வருஷத்துப் பேப்பரை மட்டும் எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணுலயும் பேரு எந்த வரிசையில இருக்குனு பாருங்க. உயிரியல், மருத்துவம், வேதியியல்ல எல்லாம் வழக்கம் என்னன்னா வேலையை அதிகமா பண்ணவர் முதல் பேரு, லேபை நடத்தறவர் கடைசிப் பேரு, நடுவுல இருக்கறவங்க மத்த உதவி. அப்ப ஒரு நல்ல கைடோட சமீபத்துப் பேப்பர்கள்ல அவர் பேரு கடைசியிலயும், வேற வேற ஸ்டூடண்ட்ஸ் பேரு முதல்லயும் மாறி மாறி வரணும். லேப் வெச்சு நடத்தற சீனியர் ஒருத்தரோட எல்லாப் பேப்பர்லயும் அவரே முதல் பேரா இருந்தா ஸ்டூடண்ட்ஸ் எங்க போனாங்கனு ஒரு கேள்வி வரணும் உங்களுக்கு. எல்லாத்துலயும் நடுவுல எங்கயோ இருந்தா அவர் பல குழுக்கள்ல கூட்டாளி, அது தப்பில்ல, ஆனா சொந்தமா ஒரு கேள்வியை அவர் துரத்தறாரானு தெரியல.

ஆனா இந்தக் கணக்கை அப்படியே கணிதத்துக்குக் கொண்டு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. அங்க பேரெல்லாம் அகர வரிசையில வரும், முதல்ல இருக்கறதுக்கும் கடைசில இருக்கறதுக்கும் அர்த்தமே இல்ல. பொருளாதாரத்துலயும் ரொம்ப காலமா பெரும்பாலும் அப்படித்தான். துகள் இயற்பியல்ல இன்னும் விசேஷம், ஹிக்ஸ் துகளோட நிறையை அளந்து சேர்ன் ஆய்வுக்கூடத்துல இருக்கற அட்லஸ், சிஎம்எஸ்னு ரெண்டு குழுவும் சேர்ந்து 2015-ல போட்ட பேப்பர்ல 5,154 பேர் ஆசிரியர்கள், முப்பத்தி மூணு பக்கத்துல விஷயம் ஒம்பது பக்கம்தான், மிச்சம் முழுக்க பேரும் அவங்க வேலை பாக்கற இடமும். அந்த மாதிரி துறைல ஒருத்தர் லிஸ்ட்ல ஆயிரம் பேப்பர் இருக்கறது ஆச்சரியமே இல்ல, அதுல அவர் கை எங்க பட்டுச்சுனு வேற வழியில விசாரிக்கணும். இப்ப சில ஜர்னல்கள்ல பேப்பர் கடைசில யார் என்ன பண்ணாங்கனு ஒரு குறிப்பு போடறாங்க, யோசனை யாரோடது, டேட்டா எடுத்தது யாரு, எழுதுனது யாருனு பதினாலு வகையா பிரிச்சு. படிக்கத் தோணாத சின்ன எழுத்துதான், ஆனா அந்தப் பேப்பர்லயே உங்களுக்கு ரொம்ப உபயோகமான பத்தி அதுதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்னா ஜர்னல் பேப்பர் கம்மியா இருக்கேனு கவலைப்படாதீங்க, அந்தத் துறைல கான்ஃபரன்ஸ்தான் பெருசு, நல்ல கான்ஃபரன்ஸ்ல இடம் கிடைக்கறது பல ஜர்னலை விடக் கஷ்டம். வரலாறு, இலக்கியம்னா புத்தகம். பத்து வருஷத்துல ஒரே ஒரு புத்தகம்தான் எழுதியிருக்கார்னா அவர் சும்மா இருந்தார்னு அர்த்தம் இல்ல, பழைய ஆவணக் காப்பகத்துல உக்காந்திருப்பார். ஒரு துறையோட அளவுகோலை இன்னொரு துறைல வெச்சுப் பாக்கறதுலதான் பாதிப் பேர் தப்பான முடிவுக்கு வர்றாங்க.

பேப்பர் லிஸ்ட்ல கிடைச்ச ஸ்டூடண்ட்ஸ் பேரை எடுத்துக்கிட்டு அடுத்த வேலை என்னன்னா, அவங்க ஒவ்வொருத்தரையும் தேடறது. முதல் பேரா பேப்பர் எழுதுன பொண்ணு இப்ப எங்க இருக்காங்க, அந்தப் பையன் முடிச்சானா, எத்தனை வருஷத்துல முடிச்சான், இப்ப வேலை என்ன? கணிதம், அதை ஒட்டுன துறைனா மேத்தமேட்டிக்ஸ் ஜீனியாலஜி ப்ராஜெக்ட்னு ஒண்ணு இருக்கு, யாருக்கு யாரு கைடு, அவங்க கிட்ட யாரெல்லாம் முடிச்சாங்க, எந்த வருஷம்னு வம்சாவளி மாதிரியே போட்டிருக்கும். மத்த துறைக்கு யுனிவர்சிட்டி லைப்ரரியோட தீசிஸ் தொகுப்புல கைடு பேரைப் போட்டுத் தேடுனா போதும். அப்படித் தேடறப்ப கவனிக்க வேண்டியது முடிச்சவங்களை மட்டும் இல்ல. லேப் பக்கத்துல ரெண்டு வருஷம் முன்னாடி போட்டோல இருந்த முகம் இப்ப இல்ல, அந்தப் பேர்ல தீசிஸும் வரலைன்னா அவங்க நடுவுல விட்டுட்டுப் போயிருக்கலாம். ஒருத்தர் ரெண்டு பேர் எங்கயும் போவாங்க, உடம்பு சரியில்லாம போகும், குடும்பம் இருக்கும், மனசு மாறும், அதுக்கெல்லாம் கைடைக் குத்தம் சொல்ல முடியாது. வரிசையா நாலஞ்சு பேரு மறைஞ்சிருந்தா அங்க ஏதோ இருக்கு. இணையத்துல பழைய பக்கங்களைச் சேமிச்சு வெக்கற வேபேக் மெஷின்ல லேப் பக்கத்தோட பழைய வடிவங்களைப் பாத்தாலே இது தெரிஞ்சுடும், பத்து நிமிஷ வேலை.

இப்ப எண்கள். எச்-இண்டெக்ஸ்னு ஒண்ணு பக்கத்துல பளிச்சுனு இருக்கும். 2005-ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியலாளர் கொண்டுவந்தது, குறைஞ்சது இருபது தடவை சைட் ஆன, அதாவது மத்த பேப்பர்கள்ல மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் இருபது இருந்தா எச்-இண்டெக்ஸ் இருபது, அவ்ளோதான் கணக்கு. இதுல ரெண்டு விஷயம் யோசிச்சுப் பாருங்க: இது இறங்கவே இறங்காது, ஆள் பத்து வருஷமா ஒண்ணுமே பண்ணலைன்னாலும் ஏறிட்டே இருக்கலாம். அப்புறம் உலகத்தையே மாத்துன பேப்பர் ஒண்ணே ஒண்ணு எழுதியிருந்தா அவரோட எச்-இண்டெக்ஸ் ஒண்ணு. துறைக்குத் துறை சைட் பண்ற பழக்கமும் வேற, உயிரியல்காரரையும் கணிதக்காரரையும் இந்த எண்ணை வெச்சு ஒப்பிட்டா கணிதக்காரர் சோம்பேறி மாதிரி தெரிவார். ஹிக்ஸ் துகளுக்குப் பேர் குடுத்த பீட்டர் ஹிக்ஸ் 1964-ல அதைப் பத்தின பேப்பர் எழுதுனதுக்கு அப்புறம் பத்துக்கும் கம்மியான பேப்பர்தான் போட்டார், 2013-ல நோபல் வந்தப்ப இன்னிக்குக் காலத்துல எனக்கு வேலையே கிடைச்சிருக்காதுனு அவரே சொன்னார்.

இம்பாக்ட் ஃபேக்டர் ஜர்னலோட எண், ஆளோடது இல்ல. அந்த ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த பேப்பர்களுக்கு இந்த வருஷம் சராசரியா எத்தனை சைட்டேஷன்ங்கறதுதான் அது, எந்த ஜர்னலை வாங்கலாம்னு லைப்ரரிகாரங்க முடிவு பண்ண உதவுன விஷயம் எப்படியோ மனுஷங்களை அளக்கற கோலா மாறிடுச்சு. சில பேப்பர்கள் மட்டும் சைட்டேஷனை அள்ளிட்டுப் போகும், மிச்சத்தை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க, அதனால அந்த சராசரி ஒரு தனிப் பேப்பரைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. 2012-ல சான் ஃப்ரான்சிஸ்கோல கூடி டோரானு ஒரு அறிக்கையே போட்டாங்க, ஆளை எடுக்கறதுக்கும் ப்ரமோஷனுக்கும் இதைப் பயன்படுத்தாதீங்கனு. நிறைய யுனிவர்சிட்டி கையெழுத்துப் போட்டுச்சு, போட்டுட்டுப் பழைய மாதிரியே நடந்துக்கற கமிட்டிகளும் இருக்கு, அது வேற கதை.

எண்ணை விட ரெண்டு பேப்பரைப் படிச்சுப் பாக்கறது நல்லது. முழுசா புரியணும்னு இல்ல. முன்னுரைல கேள்வி என்னன்னு தெளிவா சொல்றாரா, கடைசில தன் வேலைல எங்க ஓட்டை இருக்குனு ஒத்துக்கறாரா, இந்த ரெண்டு மட்டும் பாருங்க. ஓட்டையை மறைக்கற ஆள் கிட்ட நீங்க சேர்ந்தா உங்க ரிசல்ட் வராதப்ப என்ன நடக்கும்னு கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க.

காசு வாங்கிட்டு எதையும் போடற போலி ஜர்னல்ல பேப்பர் இருக்கானும் ஒரு பார்வை பாத்துடுங்க. ஒண்ணு ரெண்டு இருந்தா தெரியாம மாட்டியிருக்கலாம், லிஸ்ட் முழுக்க அதுவே இருந்தா அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. வாபஸ் வாங்குன பேப்பர்களைப் பதிவு பண்ற ரிட்ராக்ஷன் வாட்ச் டேட்டாபேஸ்லயும் பேரைப் போட்டுப் பாருங்க, ஆனா ரிட்ராக்ஷன்னாலே ஃப்ராடுனு நினைச்சுடாதீங்க. தப்பைத் தானே கண்டுபிடிச்சுத் தானே வாபஸ் வாங்குனவர் மேல எனக்கு மரியாதைதான் கூடும். வாபஸ் ஏன்னு காரணம் எழுதியிருக்கும், படிங்க.

அடுத்து டீச்சிங், இதுதான் பக்கத்துல ரொம்ப மோசமா எழுதப்படற பகுதி. கோர்ஸ் பேரு நாலு, டீச்சிங் அவார்டு ஒண்ணு, முடிஞ்சுது. ஸ்டூடண்ட்ஸ் குடுத்த ரேட்டிங் இருந்தா அதை நம்பலாமேனு தோணும். கொஞ்சம் பொறுங்க. அமெரிக்க ஏர் ஃபோர்ஸ் அகாடமில ஸ்டூடண்ட்ஸை வகுப்புகளுக்கு ராண்டமா பிரிச்சுப் போடுவாங்க, எல்லாருக்கும் ஒரே பரீட்சை, அதனால எந்த வாத்தியார் உண்மையிலயே கத்துக்குடுக்கறார்னு சுத்தமா அளக்கலாம். கேரல், வெஸ்ட்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க அதை வெச்சு 2010-ல எழுதுன பேப்பர்ல வந்த முடிவு தலைகீழா இருந்துச்சு: யாரு வகுப்புல அந்த செமஸ்டர் மார்க் ஏறுச்சோ அவங்களுக்கு நல்ல ரேட்டிங், ஆனா அவங்க கிட்ட படிச்சவங்க அடுத்த லெவல் கணக்குல சறுக்குனாங்க. அனுபவம் கூடுன வாத்தியாருங்க வகுப்புல அப்ப மார்க் கம்மி, ரேட்டிங் கம்மி, பின்னாடி வந்த பாடத்துலதான் அந்தப் பசங்க நல்லா பண்ணாங்க. அதாவது பசங்க அன்னிக்கு எப்படி உணர்ந்தாங்கங்கறதைத்தான் ரேட்டிங் அளந்திருக்கு. 2017-ல உட்ல்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் இது சம்பந்தமா வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பாத்தப்பவும் ரேட்டிங்குக்கும் கத்துக்கிட்டதுக்கும் தொடர்பே இல்லைனுதான் வந்துச்சு. அது போக, பெண் வாத்தியார்ங்கறதுக்காகவே ரேட்டிங் குறையறதைக் காட்டுன ஆய்வும் இருக்கு, ஆன்லைன் கிளாஸ்ல ஒரே ஆள் ஆண் பேர்ல வந்தப்ப கூடுதலாவும் பெண் பேர்ல வந்தப்ப கம்மியாவும் போட்டாங்க.

எரிக் மஸூர் கதை இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹார்வர்டுல இயற்பியல் நடத்திட்டு இருந்தார், ரேட்டிங் பிரமாதம், பசங்க கஷ்டமான கணக்கெல்லாம் போட்டாங்க. 1990 வாக்குல விசையைப் பத்தி ஃபார்முலாவே வேண்டாத சாதாரணக் கேள்வியா ஒரு டெஸ்ட் வெச்சார், ஒரு பொண்ணு கைதூக்கி நீங்க சொல்லிக்குடுத்தபடி பதில் எழுதணுமா, நான் நிஜமா நினைக்கறபடி எழுதணுமானு கேட்டுச்சாம். ரிசல்ட்டும் அப்படித்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் அவர் லெக்சரைக் குறைச்சுட்டு, ஒரு கேள்வி போட்டு, பக்கத்துல உக்காந்திருக்கறவங்களோட வாதாட விட்டு, திரும்பக் கேக்கற முறைக்கு மாறுனார். இந்த மாதிரி பசங்களை வேலை வாங்கற வகுப்புகளையும் வெறும் லெக்சரையும் ஒப்பிட்டு 225 ஆய்வுகளைச் சேர்த்து 2014-ல வந்த பேப்பர்ல, வெறும் லெக்சர்னா ஃபெயில் ஆகற வாய்ப்பு ஒண்ணரை மடங்கு. வேடிக்கை என்னன்னா 2019-ல அதே ஹார்வர்டுல பாத்தப்ப, வேலை வாங்குன வகுப்புல பசங்க அதிகமா கத்துக்கிட்டாங்க, ஆனா கம்மியா கத்துக்கிட்ட மாதிரி அவங்களுக்கே தோணுச்சு. சரளமா பேசற வாத்தியார் முன்னாடி உக்காந்தா நமக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்தாத்தான் தெரியும்.

அப்ப எதைப் பாக்கறது? சிலபஸ், அசைன்மெண்ட், பழைய கேள்வித்தாள். இது மூணையும் பொதுவுல போட்டு வெச்சிருக்கற ஆளுனா அதுவே ஒரு நல்ல அறிகுறி. சிலபஸ்ல வெறும் அத்தியாயப் பேரு இருக்கா, இல்ல முடிக்கறப்ப உங்களால என்ன செய்ய முடியணும்னு எழுதியிருக்கா? ஒவ்வொரு வருஷமும் மாறியிருக்கா, இல்ல அதையே தேதி மட்டும் மாத்திப் போட்டதா? கேள்வித்தாள்ல மனப்பாடம் பண்ணி எழுதற கேள்வியா, இல்ல முன்னாடி பாக்காத ஒண்ணைக் குடுத்து யோசிக்க வெக்கறாரா? முதல் வருஷப் பசங்களுக்கு அடிப்படைப் பாடம் எடுக்கறாரானும் பாருங்க, தன் சொந்த ஆராய்ச்சியைப் பத்தி பத்துப் பேருக்கு செமினார் நடத்தறது சுலபம், ஒண்ணுமே தெரியாத இருநூறு பேருக்குச் சொல்லிக்குடுக்கத்தான் பாடம் உள்ளங்கைல இருக்கணும்.

நல்ல ஆராய்ச்சியாளர்னா நல்ல வாத்தியாராத்தான் இருப்பார்ங்கற நம்பிக்கை 1810-ல ஹம்போல்ட் பெர்லின் யுனிவர்சிட்டி ஆரம்பிச்ச காலத்துல இருந்து ஓடுது, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு அவர் கொள்கை. அழகான கொள்கைதான். ஆனா ஹேட்டி, மார்ஷ்னு ரெண்டு பேர் 1996-ல ஐம்பத்தெட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டப்ப ரெண்டுக்கும் நடுவுல இருந்த தொடர்பு 0.06 (முழுத் தொடர்புனா 1), கிட்டத்தட்ட பூஜ்யம். இதோட இன்னொரு பக்கத்தையும் பாருங்க, நல்ல ஆராய்ச்சியாளர் மோசமான வாத்தியார்ங்கறதும் உண்மை இல்லைனு ஆகுதுல்ல. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை ஊகிக்காதீங்க, தனித்தனியா விசாரிங்க. உங்க கேள்வி பிஎச்டி பத்தினதுங்கறதால இன்னொண்ணு சொல்லணும், கைடா இருக்கறது இந்த ரெண்டும் இல்லாத மூணாவது வேலை, அதுக்கு அவார்டும் அபூர்வம், பக்கத்துல இடமும் இல்ல. உங்க டிராஃப்டை எத்தனை நாள்ல படிச்சுத் திருப்பிக் குடுப்பார்ங்கறதுல இருக்கு உங்க நாலஞ்சு வருஷம்.

அதைத் தெரிஞ்சுக்க ஒரே வழி ஆளுங்க கிட்ட கேக்கறதுதான். இப்ப இருக்கற ஸ்டூடண்ட்ஸ் கிட்ட கேட்டா ஜாக்கிரதையா பேசுவாங்க, அவங்க ரெக்கமண்டேஷன் லெட்டர் இன்னும் அவர் கைல இருக்கு. முடிச்சுட்டு வெளிய போனவங்க கிட்ட கேளுங்க, முடிஞ்சா நடுவுல விட்டுட்டுப் போனவங்க ஒருத்தர் கிட்டயாவது. ஆள் எப்படினு பொதுவா கேட்டா ரொம்ப நல்லவருங்கனு முடிச்சுடுவாங்க, அதனால குறிப்பா கேளுங்க: வாரத்துக்கு எத்தனை தடவை பாப்பீங்க, எக்ஸ்பெரிமெண்ட் சொதப்புனப்ப என்ன சொன்னார், முதல் பேரு யாருனு எப்ப முடிவாச்சு, கான்ஃபரன்ஸுக்கு அனுப்புனாரா, கிராண்ட் முடிஞ்சப்ப சம்பளம் என்ன ஆச்சு. இந்தக் கேள்விகளுக்கு அவங்க பதில் சொல்ல எடுத்துக்கற நேரத்தையும் கவனிங்க.

பேராசிரியருக்கு எழுதறப்ப உங்க லேப் உலகப்புகழ் பெற்றதுனு ஆரம்பிக்காதீங்க, அந்த மாதிரி மெயில் தினமும் வந்து குவியும், பாதி திறக்கவே மாட்டாங்க. நீங்க படிச்ச ஒரு பேப்பர், அதுல உங்களுக்கு உறுத்துன ஒரு இடம், உங்களால என்ன செய்ய முடியும், ஸ்டூடண்ட் எடுக்கறாரா, எட்டு பத்து வரிக்குள்ள முடிச்சுடுங்க. பதில் வந்து பேச நேரம் கிடைச்சா, உங்க கிட்ட கடைசியா முடிச்ச மூணு பேரு இப்ப என்ன பண்றாங்கனு நேரா கேளுங்க. நல்ல கைடுனா பேரு சொல்லி, ஊரு சொல்லி, அவங்க இப்ப போட்ட பேப்பர் வரைக்கும் சொல்லிட்டே போவார், நீங்கதான் நிறுத்த வேண்டி வரும்.